பிறகு என்ற ஃபோல்டர்

திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற சாலையில் இருக்கும் எங்கள் ஆனந்தவல்லி நகரில், குடியிருப்போர் சங்கத்துக்குச் செயலாளராக வந்த யாரும் நீடித்ததில்லை, ஏனென்றால் எங்களுக்கு எதையும் குறித்துவைக்கும் பழக்கம் கிடையாது, குறித்துவைத்ததைத் தேடி எடுக்கும் பொறுமையும் கிடையாது, ஆனால் சொன்ன வேலை நடக்கவில்லை என்றால் செயலாளர் வீட்டு வாசலில் போய் நின்று கத்துகிற பழக்கம் மட்டும் தாராளமாக உண்டு. அப்படிப்பட்ட எங்களுக்கு வடிவக்கா செயலாளராக வந்தாள். கூட்டுறவு வங்கியில் வேலை பார்க்கிறவள், முழுப்பெயர் சங்கரவடிவு, தன் வீட்டு அஞ்சறைப் பெட்டியில்கூடக் கடுகுக்குக் கடுகு என்று சீட்டு ஒட்டிவைத்திருக்கிற ஆள். கடுகைப் பார்த்தால் தெரியாதா என்று நான் கேட்டதற்கு, தெரியும், ஆனால் கடுகுக்குத் தெரிய வேண்டாமா என்றாள்.

வந்த முதல் கூட்டத்திலேயே எல்லோரையும் ஃபோனை வெளியே எடுக்கச் சொல்லி, ஒரு நோட்ஸ் ஆப்பை இறக்கவைத்து, அதில் தண்ணீர், கரண்டு, கொடைவிழா, சண்டை என்று தனித்தனி ஃபோல்டர் போட்டு, அவற்றில் எதிலும் சேராததற்குப் ‘பிறகு’ என்று ஒரு ஃபோல்டரும் போட்டு, நகரில் இருக்கிற அத்தனை பேருக்கும் பகிர்ந்துவிட்டாள். பார்க்கவும் செய்யலாம், எழுதவும் செய்யலாம். யார் எழுதினாலும் எல்லோர் ஃபோனிலும் மணி அடிக்கும். ஒரு வாரம் நகரே சிள்வண்டு மாதிரி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது, பிறகு பழகிவிட்டது.

அதில் முதலில் மாட்டியது தலைவர் பிரமநாயகத்தின் கடைவாய்ப் பல். அவர் தன் ஞாபகத்துக்காகப் ‘பல் பிடுங்கணும்’ என்று எழுதியதை, கை தவறிப் பொதுவில் போட்டுவிட்டார். சங்கத்துக்கும் இவர் பல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று வடிவக்கா அதை எடுத்துப் ‘பிறகு’க்குள் போட்டாள். போட்ட மாத்திரத்தில், கன்னத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு முனகிக்கொண்டிருந்த மனுஷன் துண்டை அவிழ்த்துவிட்டு முறுக்குக் கேட்டார். மாசக் கடைசியில் ஃபோல்டரை ஒழுங்குபடுத்தும்போது அதை வெளியே எடுத்தாள், இன்னொரு முறுக்கின் பாதியில் இருந்தவர் அலறிக்கொண்டு எழுந்தார். ஃபோன் போட்டு, “ஏம்மா வடிவு, அத எங்கன இருந்து எடுத்தியோ அங்கனயே போட்ரும்மா” என்று கெஞ்சினார். போட்டாள். வலி நிற்கவில்லை. வெளியே வந்த விஷயம் மறுபடி உள்ளே போனாலும் பலிக்காது என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது, பல்லும் அன்றைக்கே போய்விட்டது.

இதைக் கேட்டு நாங்கள் மலைத்துப் போகவில்லை. சொன்னால் சொன்ன நேரத்துக்கு வராத தண்ணீர், வந்தால் போகாத சொந்தக்காரர்கள் என்று எத்தனையோ அதிசயத்தைப் பார்த்து வாழ்கிறவர்கள் நாங்கள், ஒரு ஃபோல்டர் விஷயங்களைத் தள்ளிப்போடுகிறது என்றால் நல்லதாய்ப் போயிற்று என்று ஆளுக்கு ஒன்றை உள்ளே போட ஆரம்பித்தோம். வீட்டுவரிக்கு அளக்க வருகிறவர் நகர் நுழைவாசல் வளைவுவரை வந்து ஏதோ மறந்தவர் போலத் திரும்பிப் போனார். ஒரு வீட்டுச் சம்பந்தி நாலு நாள் தங்க வருவதாகச் சொன்னவர், வருஷம் பூராவும் பெட்டி கட்டிக்கொண்டே இருந்தார். மைதீன் பாத்து மாமி மொட்டைமாடியில் மிளகாய் வற்றல் காயப்போட்டிருந்த அன்று மேகம் கறுத்து வரவும், ஓடிப்போய் எடுக்கச் சோம்பல்பட்டு ‘மழை’ என்று எழுதி ‘பிறகு’க்குள் போட்டாள். மேகம் எங்கள் வளைவுக்கு வெளியே வந்து நின்றது, சாலைக்கு அந்தப் பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்டியது, இந்தப் பக்கம் வற்றல் காய்ந்தது. மறுநாள் எடுத்துவிடலாம் என்றிருந்தாள், மறுநாள் கூழ்வற்றல் போட்டிருந்தாள்.

பொன்மலர் வந்தது அப்போதுதான். வடிவக்காவுக்குப் பக்கத்து வீடு, தலைப்பிள்ளைக்குச் சூலி, புருஷன் பாக்கியநாதன் கப்பலில் வேலை பார்க்கிறான், அவன் லீவு பிரசவத் தேதியைத் தாண்டித் தள்ளிப்போயிருந்தது.

“அவங்க வந்துரட்டும்க்கா. எங்கப்பா என்னைய முதல்ல பாத்தப்போ எனக்கு நாலு வயசு. இவங்க கையில நான் சுடச்சுடக் கொடுக்கணும்” என்றாள்.

வடிவக்கா யோசித்தாள். வற்றலும் வரியும் வேறு, பிள்ளை வேறு. ஆனால் பொன்மலரின் முகத்தைப் பார்த்து இல்லை என்று சொல்ல அவளுக்கு வரவில்லை. எழுதி உள்ளே போட்டாள். தேதி வந்தது, போயிற்று, பொன்மலர் தன் பாட்டுக்குத் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி நர்சம்மா தான்தான் கணக்கில் தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து வேறு தேதி எழுதிக் கொடுத்தாள்.

அடுத்து உள்ளே போனது வடிவக்காவின் சொந்த விஷயம். அவள் புருஷன் ஆவுடையப்பன் அண்ணாச்சி, பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், அவருக்கு நெஞ்சில் ரொம்ப நாளாகக் கோளாறு இருந்தது. பாளையங்கோட்டையில் டாக்டர் அவரை உள்ளே உட்காரவைத்துவிட்டு அக்காவை மட்டும் வெளி நடைக்குக் கூப்பிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போங்க, பிடிச்சதைச் சாப்பிடக் கொடுங்க என்று சொன்னார். அந்த நடையில் நின்றபடியே அவள் ஃபோனை எடுத்து ‘அத்தான். டாக்டர் சொன்னது’ என்று அடித்து, ‘பிறகு’க்குள் தள்ளினாள். ஆட்டோ வளைவுக்குள் நுழையும்போது அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்து பருப்புவடை வேண்டும் என்றார்.

அந்த ஃபோல்டர் எல்லோருக்கும் பகிர்ந்த ஃபோல்டர் என்பதை அவள் அந்த நேரத்தில் மறந்துபோனாள். எங்கள் எல்லோர் ஃபோனிலும் மணி அடித்தது. எடுத்துப் படித்தோம். எங்கள் நகரில் ஒருத்தர் வீட்டில் மீன் தாளித்தால் மூன்றாவது தெருவில் அது என்ன மீன் என்று பேச்சு வந்துவிடும், ஆனால் அந்த வரியைப் பற்றி யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. அண்ணாச்சி மறுநாள் காலையில் டீக்கடைக்கு வந்தபோது, வாங்க அண்ணாச்சி என்று தள்ளி உட்கார்ந்து இடம் கொடுத்தோம், அவ்வளவுதான்.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் எங்கள் ஆட்களுக்கு எந்த இடத்திலும் முதல் மரியாதை வேண்டும். அம்மன் கொடைக்குப் பரிவட்டம் யாருக்கு முதலில் கட்டுவது என்று ஒரு வருஷம் கொடையே நின்றுபோன நகர் இது. ‘பிறகு’ ஃபோல்டரில் மேலே இருப்பதுதான் நாளைக்கு முதலில் வெளியே வரும் என்று யாரோ சொல்லிவிட, பிரமநாயகம் பல்லுக்குப் பிறகு போட்ட தன் புதுக் குறிப்பைத் தூக்கி உச்சியில் குத்திவைத்தார், அவருக்கு மேல் இன்னொருத்தர் குத்தினார், விடிந்தால் போதும், மேலே கிடந்தது கீழே கிடந்தது. ‘சண்டை’ ஃபோல்டர் பூராவும் ‘பிறகு’ ஃபோல்டரைப் பற்றிய சண்டையாலேயே நிரம்பியது. ஒருநாள் வடிவக்கா பொறுமை இழந்து, உள்ளே இருந்த அத்தனை குறிப்பையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, சேர்த்து ஒன்றாக்கு என்று அழுத்திவிட்டாள்.

“இனிமே எல்லாரும் ஒரே பக்கம். வரிக்குள்ள சண்டை போட்டுக்கிடுங்க, என் வாசலுக்கு வராதீங்க” என்றாள்.

அன்றைக்கு எங்களுக்கு அது நல்ல தீர்ப்பாகத்தான் தோன்றியது. ஒன்றாகச் சேர்ந்ததைத் திரும்பப் பிரிக்க முடியாது என்பது, மைதீன் பாத்து மாமி மழையை வெளியே எடுக்கப் போனபோதுதான் தெரிந்தது. வரியை அழித்தாள், திரும்பத் திறந்தால் அங்கேயே இருந்தது. நகலெடுத்து வெளியே ஒட்டினாள், வானம் அசையவில்லை. வரிகளை மேலே கீழே நகர்த்தலாம், புதிதாகச் சேர்க்கலாம், எடுக்க மட்டும் முடியாது. எடுத்தால் முழுப் பக்கத்தையும்தான் எடுக்க வேண்டும். முழுப் பக்கத்தையும் எடுத்தால் அதில் ஒரு வரியாக ஆவுடையப்பன் அண்ணாச்சியும் வருவார்.

மாமி ஃபோனை இடுப்பில் செருகிக்கொண்டு, “சரி, லாரித் தண்ணி வாங்கிக்கிடலாம்” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அந்த வருஷம் எங்கள் கிணறுகள் எல்லாம் வறண்டன. சாலைக்கு அந்தப் பக்கம் தவளை கத்தியது, இந்தப் பக்கம் முருங்கை இலை உதிர்த்து நின்றது, பாத்திரம் கழுவிய தண்ணீரில் வாழையை உயிரோடு வைத்திருந்தோம், கொடையின்போது அம்மனுக்கு லாரித் தண்ணீரில்தான் அபிஷேகம். தொட்டதுக்கெல்லாம் செயலாளர் வாசலில் போய் நிற்கிற எங்களில் ஒருத்தர்கூட, அந்தப் பக்கத்தை வெளியே எடு என்று வடிவக்காவிடம் கேட்கவில்லை. வடிவக்காவும் எங்கள் குடத்தைப் பார்க்காத மாதிரி வேகமாக நடந்து வங்கிக்குப் போய் வந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன், அவள் இடத்தில் நான் இருந்தால் ஆறே வற்றினாலும் எடுத்திருக்க மாட்டேன்.

பொன்மலர் மட்டும் நாளுக்கு நாள் கனத்துக்கொண்டே போனாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு வாங்கியது, கால் வீங்கிப் புருஷனின் பழைய செருப்பைப் போட்டுக்கொண்டு தெருவில் மெதுவாக நடந்துகொண்டே இருந்தாள். பாக்கியநாதன் ஒருவழியாக லீவில் வந்தான். வந்தவன் மனைவியைப் பார்த்துப் பயந்துபோனான். விஷயத்தைக் கேட்டுவிட்டு நேராக வடிவக்கா வீட்டுக்குப் புறப்பட்டவனை, பொன்மலர் கேட்டைப் பிடித்துக்கொண்டு மறித்து நின்றாள்.

“நீங்க போய் என்னன்னு கேப்பீங்க? எம் பிள்ளை பொறக்கணும், உங்க வீட்டுக்காரரை அனுப்பிவைங்கன்னா? போவாதீங்க. அந்தக்கா எதிர்க்கேள்வி கேக்காமத்தான் எனக்குச் செஞ்சாங்க, இப்ப நானும் கேக்க மாட்டேன்.”

சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு மூச்சு முட்டி, அங்கேயே கேட்டில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். அப்போது டீக்கடையிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த ஆவுடையப்பன் அண்ணாச்சி அதைப் பார்த்தார், கேட்கவும் கேட்டார். தன் வீட்டுக்குள் போனார். உள்ளே நடந்ததை மறுநாள் டீக்கடையில் அவரே எங்களிடம் சொன்னார், சங்கடமில்லாமல், ஏதோ பழைய டூட்டிக் கதை சொல்வதுபோலத்தான் சொன்னார்.

“வடிவு, அந்தப் பிள்ளைய எத்தனை நாளைக்கு உள்ளயே நிப்பாட்டி வைக்கப் போற?”

“எந்தப் பிள்ளைய?”

“பொன்மலரு பிள்ளைய. அவ மாப்பிள்ளைக்கு லீவு முடியப் போகுது.”

“பிறகு பாக்கேன் அத்தான். இப்ப சாப்பிட வாங்க.”

“அந்தப் பிறகுலதான என்னையும் போட்டிருக்க.”

வடிவக்கா கையிலிருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு, “யாரு சொன்னா?” என்று கேட்டிருக்கிறாள்.

“யாரும் சொல்லல. எல்லாருக்கும் பகிர்ந்தியே, எனக்கும் சேத்துத்தான பகிர்ந்த. அன்னைக்கு ஆஸ்பத்திரி நாற்காலில உக்காந்திருக்கேன், என் சட்டைப்பையில மணி அடிக்கி. எடுத்துப் பாத்தேன்.”

இத்தனை மாசமும் தெரிந்தே வடை தின்றாரா, தெரிந்தே சீரியல் பார்த்துச் சிரித்தாரா என்று நினைத்தபோது வடிவக்காவுக்கு அழுகை பொங்கிவிட்டது. என்னால முடியாது, முடியாது என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அண்ணாச்சி அவள் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“நான் பஸ் ஓட்டினவன் வடிவு. வண்டியை நடுரோட்டுல நிப்பாட்டினா பின்னால நிக்கவன் ஹாரன் அடிப்பான். இங்க எனக்குப் பின்னால மழை நிக்கி, ஒரு புள்ளத்தாய்ச்சி நிக்கா, ஊரே குடத்தத் தூக்கிட்டு நிக்கி. ஒருத்தன் ஹாரன் அடிக்கலியே. அடிச்சிருந்தாக்கூட நான் வீம்புக்கு நின்னுருப்பேன். அடிக்க மாட்டேங்காங்க, அதான் எனக்குத் தாங்கல.”

மறுநாள் காலை வடிவக்கா எல்லோருக்கும் ஒரு செய்தி போட்டாள். ‘இன்று மதியச் சாப்பாடு முடிந்ததும் பக்கத்தை வெளியே எடுக்கிறேன். அவரவர் வேலைக்கு அவரவர் ஆயத்தமாக இருங்கள்.’ வங்கிக்கு லீவு சொல்லிவிட்டு, அண்ணாச்சிக்குப் பிடித்த எள்ளுத்துவையல் அரைத்து, சோறு வடித்து, இரண்டு பேரும் சாப்பிட்டார்கள் என்று சொல்ல முடியாது, அண்ணாச்சி சாப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு அவள் ஃபோனை எடுத்துப் பக்கத்தைத் திறந்தாள்.

பக்கம் அவள் கடைசியாகப் பார்த்த பக்கமாக இல்லை. மாசக்கணக்கில் முதல் வரியை விட்டுக்கொடுக்காத பிரமநாயகம், தன் வரியைத் தானே கீழே இறக்கிவிட்டிருந்தார். அந்த இடத்தில் பொன்மலரின் பிரசவம் இருந்தது, அடுத்து மழை இருந்தது. அண்ணாச்சியின் வரியை இருந்த இடத்தில் காணோம். அவள் விரலால் தள்ளித் தள்ளிக் கீழே போனாள். காலையிலிருந்து நாங்கள் அடித்துக்கொண்டிருந்ததெல்லாம் வரிசையாக வந்தது. பிரமநாயகம் சைக்கிளுக்குக் காற்றடிக்கணும். வற்றிய கிணற்றைத் தூர் வாரணும். மைதீன் பாத்து வீட்டுப் பின்பக்கம் முருங்கைக் கொம்பு நடணும். அது தழைக்கணும். அதில் காய் பறித்து வடிவுக்குக் கொடுக்கணும். மூன்றாம் தெரு பசு சினை பிடிக்கணும். அது கன்று ஈனணும். சீம்பால் காய்ச்சி எல்லா வீட்டுக்கும் கொடுக்கணும். அடுத்த கொடைக்குக் கால் நாட்டணும். கொடை நல்லபடியாக முடியணும். சண்டைக்காரர்கள் ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள், எழுதிய ஒவ்வொருத்தரும் அண்ணாச்சியின் வரிக்கு மேலே எழுதி, அதைக் கீழே கீழே என்று தள்ளியிருந்தார்கள். முதல் இடத்துக்காக அடித்துக்கொண்ட ஆட்கள், கடைசி இடத்தை அவருக்கென்று ஒதுக்கிவிட்டிருந்தோம்.

பொன்மலரும் எழுதியிருந்தாள். பிள்ளைக்குக் குப்புற விழத் தெரியணும். பிள்ளைக்குப் பல் முளைக்கணும். பிள்ளை வடிவக்கா வீட்டுப் படியைத் தானா ஏறணும்.

வடிவக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அண்ணாச்சியின் வரிக்கு நேர் மேலே தானும் ஒரு வரி அடித்தாள். பிறகு முழுப் பக்கத்தையும் ‘பிறகு’விலிருந்து வெளியே எடுத்தாள்.

பொன்மலருக்கு உடனே வலி கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே பிறந்துவிடும் போலிருந்தது, பாக்கியநாதன் கையில் சுடச்சுடப் பெண்பிள்ளையை வாங்கினான். மயிர் அடர்ந்து, கண் தெளிந்து, பிறந்த அன்றே எல்லோரையும் முகம் பார்த்தது. பிள்ளை அழுத மறுகணம் மழை வளைவைத் தாண்டி உள்ளே வந்தது. மிச்சம் வைத்திருந்த மழையெல்லாம் சேர்ந்து பெய்தது, மைதீன் பாத்து மாமி நனைந்துகொண்டே நின்று எல்லோரையும் நனையச் சொல்லிக் கூப்பிட்டாள். அதன்பிறகு ஒன்று முடிந்தால்தான் அடுத்தது என்று பக்கம் இறங்கிவந்தது. முடிந்த வரி தானாக மறைந்தது. சம்பந்தி வந்தார், போனார், வரிக்காரர் அளந்தார். பிரமநாயகம் சைக்கிளுக்குக் காற்றடிக்க எடுத்துக்கொண்ட நாட்களில் ஒரு புது சைக்கிளே செய்திருக்கலாம், தினமும் பம்பை எடுப்பார், நாலு அடி அடிப்பார், இடுப்பு வலிக்கிறது என்று வைத்துவிடுவார். முருங்கை தழைத்தது. பசு எங்கள் எல்லோரையும் விட நிதானமாக இருந்தது. அண்ணாச்சி டீக்கடையில் உட்கார்ந்து, இப்போதுதான் வண்டி ஓடுகிற மாதிரி இருக்கிறது என்று சந்தோஷமாகச் சொன்னார், ஒவ்வொரு வரிக்கும் போய் நின்று வேடிக்கை பார்த்தார், கன்று ஈன்றபோது அவர்தான் வைக்கோல் பிடித்தார்.

பொன்மலரின் மகள் ஒரு வியாழக்கிழமை சாயங்காலம், யாரும் தூக்காமல், வடிவக்கா வீட்டுப் படியை முழங்கால் போட்டு ஏறி உள்ளே போய், அண்ணாச்சியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றது. தெருவில் பார்த்துக்கொண்டிருந்த எங்களில் ஒருத்தரும் கைதட்டவில்லை. பக்கத்தில் கடைசி வரிக்கு மேலே இனி ஒரே வரிதான் மிச்சம், அது வடிவக்கா அன்றைக்கு அடித்தது. ‘அத்தானுக்கு நகம் வெட்டணும்.’

விளக்கு வைத்த பிறகு நகம் வெட்டக் கூடாது என்று வடிவக்கா அன்றைக்கு வெட்டவில்லை. மறுநாள் வெள்ளிக்கிழமை, வெட்டக் கூடாது. சனிக்கிழமை அண்ணாச்சியின் ஜென்ம நட்சத்திரம், கூடவே கூடாது என்றாள். அண்ணாச்சி ஒவ்வொன்றுக்கும் சரி சரி என்று தலையாட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, வெளிச்சம் விழுகிற ஜன்னலோரம் நாற்காலியை இழுத்துப்போட்டு அவரே உட்கார்ந்தார்.

“வா வடிவு, இன்னைக்கு நல்ல நாளுதான்.”

அவள் ஒரு துணியை விரித்து, கீழே உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“ஒட்ட வெட்டிராத” என்றார் அண்ணாச்சி.

“வெட்ட மாட்டேன்” என்று சொல்லி, சுண்டுவிரலில் ஆரம்பித்தாள்.